போட்டிக் காலத்தில் திருமுழுக்குக்குத் தயாராவது

கத்தோலிக்கராக விரும்பும் விளையாட்டு வீரர் முதலில் போட்டி அட்டவணையைக் கையில் எடுக்க வேண்டும். பெரியவர்களைத் திருச்சபையில் சேரத் தயாராக்கும் ஆர்சிஐஏ வகுப்பு பல மாதம் ஓடும். தமிழ்த் திருப்பலி வேண்டுமென்றால் சிங்கப்பூர் ஓபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் விசாரியுங்கள்.

போட்டியோடு இடிப்பது தவக்காலத்தில்தான் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்). 2027இல் அதன் முதல் ஞாயிறு பிப்ரவரி 14. வழக்கமாகப் பெயர்ப்பதிவுச் சடங்கு அப்போதுதான். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் (பிப்ரவரி 28, மார்ச் 7, 14) தயாரிப்புச் சடங்குகளுக்கு ஆலயத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சி முகாம் குறுக்கிட்டால் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். விலக்கு தருவது ஆயர், கோச் அல்ல. திருமுழுக்கு மார்ச் 27, ஈஸ்டருக்கு முந்தைய இரவு. உறுதிபூசுதலும் (எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்துவது) நற்கருணையும் (திருப்பலியில் தரும் திரு அப்பம்) அதே திருப்பலியில்.

ஞானப்பெற்றோர் ஒருவர் போதும்: 16 வயது நிரம்பி, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கர். பெற்ற தாய் தகப்பன் கூடாது. வேறு சபையில் முறையாகத் திருமுழுக்கு பெற்றவருக்கு மறுபடி தரமாட்டார்கள், சான்றிதழ் கேட்பார்கள். விவாகரத்து இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், பலருக்குத் தாமதமாவது அங்கேதான்.

நோன்பு 18 முதல் 59 வயதுவரை, திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும்: ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சிறு உணவு. அன்றைக்கு ஓட்டத்தைக் குறையுங்கள். நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் மட்டுமே. ஐசோடோனிக் பானமும் உணவுக் கணக்கில்தான் வரும், குடிக்கக் கூடாது.