கைக்குழந்தையோடு வெளியே போகும் பயம் விட்டது

மகள் பிறந்து இரண்டு மாதம் வரை அவளை வாசல் தாண்டி எடுத்துப்போகவே பயம். பக்கத்தில் யாராவது தும்மினால் போதும், நெஞ்சு படபடக்கும். தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவரிடம் அழாத குறையாகக் கேட்டேன். திறந்தவெளியில் தாராளமாக நடங்கள், அடைத்த அறையின் நெரிசலைத்தான் தவிர்க்க வேண்டும் என்றார்.

மறுநாளே கூட்டமில்லாத நேரம் பார்த்து, மூக்கு மூடாதபடி மார்போடு துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். முகம் என் பக்கம் இருந்ததால் யாராலும் சட்டென்று கன்னத்தைத் தொட முடியவில்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அப்படியும் ஒரு பெரியம்மா கை நீட்டினார். "கை வேண்டாம்மா, வாயில் வைத்துக்கொள்வாள். காலைத் தொட்டுக்கோங்க" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. கால் கட்டைவிரலை மெல்லப் பிடித்துச் சிரித்தார்.

வீடு வந்ததும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுகிறேன். முத்தம் மட்டும் யாருக்கும் கிடையாது, சொந்தமானாலும் சரி. அப்புறம், மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அதனால் தெர்மாமீட்டர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்.

இப்போது தினமும் நடக்கிறோம். இலை அசைந்தால் கண்கொட்டாமல் பார்க்கிறாள்.