3500 கிலோ இழுக்குமா? ஆஸ்திரேலியாவில் கேரவன் வாங்குமுன் போட வேண்டிய எடைக் கணக்கு

ஆஸ்திரேலியாவில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி விற்கும் எந்த விளம்பரத்தை எடுத்தாலும் 3500 கிலோ என்ற எண் கண்ணில் படும். ஃபோர்டு ரேஞ்சர், டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், லேண்ட் குரூசர் என்று விலையிலும் உடலமைப்பிலும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும் வண்டிகளுக்கு இழுவைத் திறன் மட்டும் ஒரே எண்ணாக இருப்பதே அதை ஐயத்தோடு பார்க்கப் போதுமான காரணம். மற்ற எல்லா வரம்புகளும் இடம்கொடுத்தால் மட்டுமே எட்டக்கூடிய உச்சவரம்பு அது. குடும்பமும் சாமான்களும் ஏறிய வண்டிக்கு உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு என்பதை நாமே கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என்னுடைய பழைய ரேஞ்சரையும், அதன் பின்னால் மாட்டி இழுத்த, தங்கும் வசதியுள்ள ட்ரெய்லரான கேரவனையும் வைத்து அந்தக் கணக்கை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிடலாம், ஏனெனில் அது எளிது. சாதாரண கார் உரிமமான சி வகுப்பு, ஓட்டுநரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வரை அமரக்கூடிய, ஜிவிஎம் 4500 கிலோவைத் தாண்டாத வண்டிகளை ஓட்ட அனுமதிக்கிறது. ஜிவிஎம் என்பது ஆள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து அந்த வண்டி எவ்வளவு எடை வரை நிற்கலாம் என்று தயாரிப்பாளர் நிர்ணயித்த எண். அன்றைக்கு வண்டி எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதல்ல. எனவே ஜிவிஎம் 5000 கிலோ என்று பதிவான வண்டியைக் காலியாக ஓட்டினாலும் கார் உரிமம் போதாது. 8000 கிலோ வரை அனுமதிக்கும் எல்ஆர் வகுப்பு வேண்டும். லேண்ட் குரூசர் 300 வரிசைக்கு ஜிவிஎம் 3280 கிலோ, 2022 இறுதியில் மாற்றம் பெற்ற 70 வரிசைக்கு 3510 கிலோ. ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் ரேம் 2500 பிக்கப்புக்கு 4495 கிலோ. கார் உரிமத்தின் எல்லைக்கு ஐந்து கிலோ குறைவாக அந்த எண் நிற்பது தற்செயல் அல்ல. பின்னால் மாட்டும் கேரவனின் எடை இந்த 4500 கிலோவில் சேராது என்பதால், கார் உரிமம் மட்டும் உள்ளவர் ஆறு ஏழு டன் கூட்டு எடையைச் சட்டப்படியே இழுத்துச் செல்ல முடிகிறது. உரிமம் தடுக்கவில்லை என்பதனாலேயே பலர் கணக்கைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்தியாவிலிருந்து வருபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே இலகுரக வாகன உரிமத்தின் எல்லை 7500 கிலோ; அந்தப் பழக்கத்தில் இங்கே பெரிய மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுக்க நினைத்தால் அதன் ஜிவிஎம்மைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் பழகுநர் எதையும் இழுக்கக் கூடாது. சிவப்பு பி பலகை மாட்டிய புதிய ஓட்டுநர் காலி எடை 250 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லரை இழுக்கக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் இவ்விதிகள் மாறுவதால், பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்குமுன் தத்தம் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளவும்.

இனி வண்டியின் எண்கள். ஜிவிஎம்மை ஏற்கெனவே பார்த்தோம். ஜிசிஎம் என்பது இழுக்கும் வண்டியும் இழுபடும் ட்ரெய்லரும் சேர்ந்து தாண்டக் கூடாத கூட்டு எடை. ட்ரெய்லர் பக்கத்தில் ஏடிஎம் என்று ஒன்று உண்டு. பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கழற்றி நிறுத்திய நிலையில் முழுச் சாமானுடன் ட்ரெய்லர் இருக்கக்கூடிய அதிகபட்ச எடை அது. அதே ட்ரெய்லரை வண்டியில் மாட்டியதும் முன்பக்க எடையில் ஒரு பங்கு வண்டியின் மேல் ஏறிவிடும். மீதி ட்ரெய்லரின் சொந்தச் சக்கரங்களில் நிற்கும். அப்படிச் சக்கரங்களில் நிற்கும் எடைக்கான வரம்பு ஜிடிஎம். ட்ரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் உருண்டையான இணைப்புதான் டோ பால்; அதன் வழியே வண்டியின் மேல் ஏறிய பங்குக்கு டோ பால் எடை என்று பெயர்.

மாட்டுவண்டி பூட்டியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்தைக் கயிறு இறுக்கும். பாரம் ஏற்றுபவர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, சற்றே முன்பாரமாக இருக்கும்படி மூட்டைகளை நகர்த்துவார். கேரவனுக்கும் அதே சூத்திரம்தான். ஆஸ்திரேலியாவில் ட்ரெய்லர் எடையில் ஏறத்தாழ பத்து சதவீதம் டோ பாலில் இறங்க வேண்டும் என்பது வழக்கம். அதைவிட மிகவும் குறைந்து பின்பாரமானால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கேரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அந்த ஆட்டம் சில நொடிகளிலேயே வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கக்கூடியது.

ஆக, டோ பால் எடை கட்டாயம் வேண்டும். ஆனால் அது வண்டியின் ஜிவிஎம் கணக்கில் சேர்கிறது. விளம்பரம் சொல்லாத செய்தி இதில்தான் இருக்கிறது. என் ரேஞ்சரின் ஜிவிஎம் 3200 கிலோ, ஜிசிஎம் 6000 கிலோ, இழுவைத் திறன் 3500 கிலோ. முழு டேங்க் டீசலுடன் ஆளில்லாத எடை 2230 கிலோ. முன்புறக் காப்புக் கம்பிக்கு 50, பின்பெட்டியின் மேல் போட்ட கூண்டுக்கு 70, இரண்டாவது பேட்டரிக்கு 30, நாங்கள் நால்வரும் 250, குளிர்பெட்டி, கருவிகள், குடிநீர் எல்லாம் 120. ஆக மொத்தம் 2750 கிலோ. ஜிசிஎம் 6000 கிலோவில் இதைக் கழித்தால் 3250 கிலோதான் மிஞ்சும். கேரவனை மாட்டுவதற்கு முன்னரே 3500 கிலோவில் 250 கிலோ போய்விட்டது. வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் கேரவனிலிருந்து ஒரு கிலோவை எடுத்துக்கொள்கிறது என்பதே ஜிசிஎம்மின் பொருள்.

கணக்கு இதோடு முடிந்துவிடுவதில்லை. 3250 கிலோ கேரவனுக்குப் பத்து சதவீதம் என்றால் டோ பாலில் 325 கிலோ இறங்கும். வண்டி 3075 கிலோ ஆகும். ஜிவிஎம் 3200 கிலோவுக்குள் இருப்பதால் நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றும். ஆனால் டோ பால் பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை. அதற்குப் பின்னால் சுமார் 1.3 மீட்டர் தள்ளி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்றம் இறைப்பதுபோல, அங்கே அழுத்தும் எடை பின் அச்சை ஆதாரமாகக் கொண்டு முன் சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும். முன் அச்சு இழந்த எடையும் பின் அச்சின் தலையில் விழும். ரேஞ்சரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.22 மீட்டர். 1.3 மீட்டரையும் கூட்டினால் 4.52. அதை 3.22ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4 கிடைக்கும். அதாவது டோ பாலில் இறங்கும் 325 கிலோ, பின் அச்சில் 456 கிலோவாக ஏறுகிறது. கேரவன் இல்லாமலேயே என் பின் அச்சில் 1450 கிலோ இருந்தது. இரண்டையும் கூட்டினால் 1906. பின் அச்சின் வரம்பு 1850 கிலோ. ஜிவிஎம், ஜிசிஎம், இழுவைத் திறன் ஆகிய மூன்றும் இடம்கொடுத்தும் பின் அச்சு மட்டும் 56 கிலோ மீறிவிட்டது.

கணக்கைத் திருப்பிப் போட்டால், பின் அச்சில் மிஞ்சிய 400 கிலோவை 1.4ஆல் வகுத்து, டோ பாலில் 285 கிலோவுக்கு மேல் இறக்கக் கூடாது என்று தெரிந்தது. பத்து சதவீத விதிப்படி அது 2850 கிலோ கேரவன். 3500 என்று வாங்கிய வண்டியின் உண்மையான எண் அதுதான்.

பின்புறம் தாழ்ந்திருப்பதைப் பார்த்ததும் ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை போட்டு நிமிர்த்திவிடலாம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். வண்டி நிமிரும், வரம்பு ஒரு கிலோகூட உயராது. எடையைப் பகிரும் கம்பிகள் கொண்ட டோ பார் (டோ பாலைத் தாங்கும் சட்டம்) அமைப்பு பின் அச்சிலிருந்து ஒரு பகுதியை முன் அச்சுக்குத் திருப்பும் என்பதால் ஓரளவு உண்மையான பயன் தரும். ஆனால் அதைப் பயன்படுத்தலாமா என்பதை வண்டிக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். முறையான சான்றிதழுடன் ஸ்பிரிங் முதலியவற்றை மாற்றி ஜிவிஎம்மையே உயர்த்திக்கொள்ளவும் வழி உண்டு. அப்படி உயர்த்தும்போது ஜிசிஎம்மும் உயர்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல சமயம் உயர்வதில்லை, வண்டியில் கூடுதலாக ஏற்றியது கேரவனில் குறைந்துவிடும். உயர்த்திய ஜிவிஎம் 4500 கிலோவைத் தாண்டினால் உரிமக் கதை மறுபடி தொடங்கிவிடும்.

கேரவன் பக்கத்திலும் எடை விவரம் பொறித்த தகட்டை அப்படியே நம்ப முடியாது. நான் வாங்கிய கேரவனின் தகட்டில் காலி எடை 2310, ஏடிஎம் 2800 என்று இருந்தது. 490 கிலோ சாமான் ஏற்றலாம் என்று நினைத்தேன். தொட்டிகளைக் காலி செய்து எடைமேடையில் நிறுத்தியபோது 2390 காட்டியது. விற்றவர் பிறகு பொருத்திக் கொடுத்த பந்தல் துணியும் கூடுதல் பேட்டரியும் தகட்டில் ஏறவில்லை. கேட்டபோது எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது. ஆக உண்மையில் ஏற்றத் தகுந்தது 410 கிலோ. 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டை நிரப்பினால் 190 கிலோ போய்விடும். இரண்டு எரிவாயு உருளைகளுக்கு 36. மீதி 184 கிலோவுக்குள் உடை, படுக்கை, பாத்திரம், பத்து கிலோ அரிசி எல்லாம் அடங்க வேண்டும். வெட் கிரைண்டர் அந்த ஆண்டு வீட்டிலேயே இருந்தது.

எடை போடும் முறையைச் சொல்கிறேன். குப்பைக் கிடங்குகளிலும் மணல், ஜல்லி விற்கும் இடங்களிலும் பொது எடைமேடைகள் இருக்கும். சிறிய கட்டணம் வாங்கிக்கொண்டு சீட்டு தருவார்கள். பயணத்துக்குப் புறப்படும் நாளில் எப்படி இருக்குமோ அப்படியே ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கேரவனை மாட்டியபடியே முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினேன்: 1195. அடுத்து வண்டி முழுவதும் ஏறி, கேரவன் வெளியே நிற்கும்படி நிறுத்தினேன்: 3010. இரண்டின் வித்தியாசமான 1815 பின் அச்சின் எடை. வரம்புக்கு 35 கிலோ குறைவு. பிறகு கேரவனும் ஏறும்வரை முன்னேறினேன்: 5560. இதில் வண்டியின் 3010 கிலோவைக் கழித்தால் கேரவனின் சக்கரங்களில் நிற்பது 2550. கடைசியாகக் கேரவனை மேடையில் கழற்றிவிட்டு, அதன் முன்பக்கத்தைத் தாங்கும் சிறிய ஜாக்கி சக்கரமும் மேடைக்குள்ளேயே நிற்க, வண்டியை நகர்த்தி எடுத்தேன்: 2810. அதற்கும் 2550 கிலோவுக்கும் உள்ள வித்தியாசமான 260 கிலோதான் டோ பால் எடை. ஒன்பது சதவீதத்துக்குச் சற்று மேல். எல்லாம் சரியாக வந்ததுபோல் இருந்தது, ஏடிஎம்மில் பத்து கிலோ கூடுதலாக இருந்ததைத் தவிர.

பத்து கிலோதானே என்று விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் விபத்து நேர்ந்தால், எடை வரம்பை மீறியதைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. எனவே பின்புறத் தொட்டியைத் திறந்து நாற்பது லிட்டர் தண்ணீரை வெளியேற்றினேன். எந்தத் தொட்டி என்பது முக்கியம். அச்சுக்கு முன்னால் இருக்கும் தொட்டியைக் காலி செய்திருந்தால் டோ பால் எடை இறங்கி, கேரவன் பின்பாரம் ஆகியிருக்கும். வழியில் தண்ணீர் செலவழியும்போதும் இதே கவனம் வேண்டும்.

பிரேக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜிடிஎம் 750 கிலோவுக்கு உட்பட்ட ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2000 கிலோ வரை ஓர் அச்சிலாவது பிரேக் இருக்க வேண்டும். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதை இயக்கும் கருவி, ட்ரெய்லர் பிய்த்துக்கொண்டால் தானே பிரேக் பிடித்துக் குறைந்தது பதினைந்து நிமிடம் நிறுத்தி வைக்கும் அமைப்பு ஆகியவை கட்டாயம். 50 மில்லிமீட்டர் டோ பால் 3500 கிலோ வரைதான். அதற்கு மேல் 70 மில்லிமீட்டர் பால் போன்ற வேறு இணைப்பு தேவை. டோ பாரில் பொறித்திருக்கும் எண் வண்டியின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த எண்தான் செல்லும். பழைய வண்டி வாங்குபவர்கள் பம்பருக்கு அடியில் குனிந்து அந்தத் தகட்டைக் கட்டாயம் படிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் விற்பனையாளர் சொல்வதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.