நிலவுப் பயணத்தை மறுப்பவரோடு வாதிடும் முறை

மனிதர் நிலவில் இறங்கவே இல்லை என்று ஒருவர் சொன்னால், உடனே பதில்களை அடுக்காமல், அவருடைய ஐயங்களில் மிக வலுவானது எது என்று கேட்டு, அது தீரும்வரை அடுத்ததற்குத் தாவுவதில்லை என்று இருவரும் முதலில் உடன்படுங்கள்.

பெரும்பாலும் நிலவில் நாட்டப்பட்ட அமெரிக்கக் கொடியில்தான் பேச்சு தொடங்கும். காற்றில்லாத இடத்தில் அது எப்படி விரிந்து நின்றது என்பது நியாயமான கேள்விதான், கேட்டவரை இகழாதீர்கள். கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி ஒன்று செருகப்பட்டிருந்ததைப் படத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்களால் அதை முழுவதும் இழுத்து நீட்ட முடியாமற்போனதால் விழுந்த மடிப்புகளே அசைவுபோலத் தோன்றுகின்றன. நிலவுப் படங்களில் விண்மீன்கள் தெரியாததற்கு, வெயிலில் ஒளிரும் தரைக்கேற்பக் கேமரா அமைக்கப்பட்டதே காரணம்.

பிறகு, நாசாவின் சொல்லை மட்டும் நம்பத் தேவையில்லாத சான்றுகளுக்கு வாருங்கள்; வாதத்தின் உயிர்நாடி இதுவே. அப்பல்லோ 11, 14, 15 பயணங்களில் வைக்கப்பட்ட, ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் எதிரொளிப்பான்களுக்குப் பிரான்சின் ஆய்வகமும் லேசர் ஒளியை அனுப்பி, ஏறத்தாழ 2.5 விநாடிகளில் திரும்பப் பெறுகிறது. ஆளில்லாச் சோவியத் ஊர்திகளும் எதிரொளிப்பான்களைக் கொண்டுசென்றன, ஆகவே அவை மட்டுமே மனிதர் சென்றதற்குச் சான்றாகா என்பதை நீங்களே முந்திக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். அதன்பின், அந்நாட்டின் தானியங்கிக் கலங்கள் கொண்டுவந்த நிலவு மண் சில நூறு கிராம்தான் என்பதையும், ஆறு அப்பல்லோ தரையிறக்கங்களில் வந்து, பல நாட்டு அறிவியலாளர்கள் ஆராய்ந்துவரும் பாறையும் மண்ணும் 382 கிலோ என்பதையும் அருகருகே வைத்து, அவருடைய விளக்கத்தைக் கேளுங்கள்.