சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரும் சிவப்புப் பெட்டியும்

"வைரஸ் வந்துருச்சுப்பா, காசு கட்டச் சொல்லுது" என்று சித்தப்பா போன் செய்தார். போய்ப் பார்த்தேன். திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி. மூடினால் அடுத்த நிமிடமே இன்னொன்று. அதற்குள் பொடி எழுத்தில் 'குரோம்' என்றும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருந்தன. அந்தப் பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். அது வைரஸ் எச்சரிக்கையே இல்லை. 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோவை அழுத்துங்கள்' என்று ஒரு தளம் கேட்க, இவரும் அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான், நாள் முழுக்க விளம்பரம் அனுப்ப அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது.

குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாகத் தெரியும். தெரியாதவற்றை எல்லாம் நீக்கினேன். பெட்டி நின்றது.

அப்புறம் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது குரோமோடு கூடுதலாகச் சேரும் குட்டி மென்பொருள்கள். இங்கே அவசரப்படாமல் பாருங்கள். எல்லாத் தளங்களையும் படிக்க அனுமதி பெற்ற ஒரு எக்ஸ்டென்ஷன், நீங்கள் பேங்க் பக்கத்தில் தட்டுவதையும் படிக்க முடியும். சித்தப்பாவிடம் கூப்பன் தேடித் தரும் ஒன்று இருந்தது. எப்போது வந்ததென்று அவருக்கே நினைவில்லை. எடுத்துவிட்டேன்.

விண்டோஸ் செட்டிங்ஸின் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். இலவச பிடிஎஃப் மென்பொருள் ஒன்று வந்த அதே நாளில், கேட்காமலே இன்னும் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. இனி எதை நிறுவினாலும் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, தேவையில்லாத டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று வரும் இன்னொரு மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோலுக்குள் ரெபுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் இருக்கிறது. அதில் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். சந்தேகம் தீரவில்லையா? அதே விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷனுக்குள் போய், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழும், கால் மணி நேரம் ஆகும். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பாஸ்வேர்டு திருட்டுப் போயிருக்கும் என்று தோன்றினால் அதே கம்ப்யூட்டரில் மாற்றாதீர்கள், போனில் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், தாமதம் வேண்டாம்.

கிளம்பும் முன் சித்தப்பாவின் கணக்கை ஸ்டாண்டர்டு கணக்காக மாற்றினேன். இனி பெரும்பாலான மென்பொருள்களை நிறுவ அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது சித்தியிடம் இருக்கிறது.