ரோட்டோரம் கடை போடுறீங்களா? முதல்ல கைமுதலைக் காப்பாத்துங்க

நிறைய பேர் நொடிச்சுப் போறது வியாபாரம் ஆகாம இல்லங்க, முதலும் லாபமும் ஒரே பையில கெடக்குறதால தான். ரெண்டு பை வச்சுக்கோங்க, ஒண்ணு முதலுக்கு, ஒண்ணு லாபத்துக்கு, காலைல சரக்கு எடுத்த காசு திரும்பி வர்ற வரைக்கும் விக்கிறது எல்லாம் முதல் பைக்கு, அதுக்கு மேல வர்றது தான் உங்க காசு, வீட்ல என்ன அவசரம்னாலும் முதல் பைல கை வைக்காதீங்க.

அப்புறம் இந்த தினவட்டி. காலைல 100 வாங்கி சாயங்காலம் 110 கட்டுறது பாக்க சின்னதா தான் தெரியும், ஆனா பத்தே நாள்ல வட்டி மட்டும் 100, வாங்குன கடனுக்கே சமமா போச்சு பாருங்க. ஒரேயடியா வெளிய வர முடியாது. தினம் 10 ஒதுக்கி மறுநாள் 90 மட்டும் வாங்குங்க, வட்டி 9 ஆயிடும், அடுத்த நாள் 80, இப்படியே எறக்கிட்டு வந்தா 10 நாள்ல சொந்த முதல் கைல நிக்கும். முதல் மூணு நாள் தான் கடிக்கும்.

வாடுற சரக்குன்னா கூட்டம் கலையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வெலைய கொறைங்க, ஆளே இல்லாதப்போ கொறைச்சு என்ன பண்றது. சில்லறை, தார்ப்பாய் எல்லாம் கைல வச்சுக்கணும்னு சொல்லவே வேணாம்.

இடம் தான் பெரிய தலவலி. கட்டுன கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்கி பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க, என்னோடது ஒருதடவ மழைல ஊறி எழுத்தே அழிஞ்சுபோய் மறுபடி கட்டுனேன். பக்கத்து கடைக்காரங்களோட சங்கமா சேருங்க, முறைசாரா தொழில் செய்றவங்களுக்கும் அந்த உரிமை உண்டுன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்போட 204வது பரிந்துரை 2015லயே சொல்லிடுச்சு.