கதாநாயகிய மாத்தச் சொல்றாங்களா? மாத்தாம திருத்துறது எப்படி

"கதை நல்லா இருக்கு, ஆனா கதாநாயகி மேல பாசமே வரல, கொஞ்சம் மென்மையாக்கி அனுப்புங்க." நாவல அனுப்பி, எடிட்டருங்ககிட்ட இருந்து இந்த பதில் எனக்கு அஞ்சு தடவ வந்துருச்சு. நான் எழுதுறது ஃபேன்டஸி நாவல், எங்க பாம்பன் மாதிரி ஒரு தீவு, கடல்ல செத்தவங்க கடைசியா சொன்ன வார்த்தைய சங்குல காத வச்சு கேக்கத் தெரிஞ்ச ஒருத்தி. சிரிச்சுப் பேசமாட்டா, மன்னிப்பு கேக்கமாட்டா. அவள விட எனக்கு மனசே வரல. உங்களுக்கும் இப்படி ஒருத்தி இருந்தா, நான் பண்ணுனத சொல்றேன்.

பதில் வந்த அன்னைக்கு ஃபைல திறக்காதீங்க. அவங்க சொன்ன குறைய ஒரு நோட்டுல எழுதுங்க, அவங்க சொன்ன தீர்வ எழுதாதீங்க. "பாசம் வரல"ங்கறது குறை, அது உண்மையாத்தான் இருக்கும். "மென்மையாக்குங்க"ங்கறது தீர்வு, அத கண்டுபிடிக்கிறது உங்க வேலை. எனக்கு அஞ்சுல மூணு பேர் ஒரே காட்சியத்தான் சொன்னாங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு கோளாறு எங்கன்னு.

அடுத்தது ரொம்ப முக்கியம், அவளுக்கு எந்தக் காத்து ஆகாதுன்னு கண்டுபிடிங்க. எங்க ஊருல பாக் ஜலசந்திப் பக்கத்த பெண்கடல்னும் மன்னார் வளைகுடாப் பக்கத்த ஆண்கடல்னும் சொல்லுவாங்க, பெண்கடல் அமைதியாம். ஆனா வாடைக் காத்து கெளம்புனா அந்தப் பெண்கடல்தான் பொங்கும், 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போனத இன்னமும் பேசுறோம். ஆக, கோவம் அவ குணம்னு சும்மா எழுதி விட்றாதீங்க, எது வீசுனா பொங்குறா, எப்ப அடங்குறான்னு எழுதி வைங்க. எங்க சின்னம்மா கடல்பாசி எடுக்கப் போறவங்க, விரல்ல துணி சுத்தி கண்ணாடி மாட்டிகிட்டு முங்குவாங்க. அவங்களுக்கு படிச்சுக் காமிச்சேன். "இவ சரியான ஆளுதான்டி, ஆனா எதுக்கு பயப்படுறான்னே தெரியலையே"ன்னாங்க. எந்த எடிட்டரும் அத கேக்கல. அதுக்கப்புறம்தான் எழுதுனேன், ஒவ்வொரு சங்கு கேக்கும்போதும் உயிரோட இருக்குற சொந்தக்காரங்க ஒருத்தரோட குரல் அவளுக்கு மறந்து போகும்னு. சக்திக்கு ஒரு விலை வச்சா கதாநாயகி வெடுக்குன்னு பேசுறதுக்கு காரணம் தானா வந்துரும்.

அந்த மூணு பேர் சொன்ன காட்சி இதுதான். மகன கடல்ல பறிகொடுத்த தாய் வந்து கெஞ்சுறாங்க, இவ "நீரோட்டம் சரியில்ல, போங்க"ன்னு கதவ சாத்திர்றா. முதல்ல நான் பயந்துபோய் அவள அழ வச்சேன், படு மோசமா இருந்துச்சு, அழிச்சுட்டேன். இப்ப கதவ சாத்துனதுக்கப்புறம் மூணே வரி சேத்துருக்கேன். அவ அந்தப் பையனோட சங்க எடுத்து கேக்குறா. திரும்பக் கேக்குறா. மூணாவது தடவையும் கேட்டுட்டு துணியில சுத்தி அரிசிப் பானைக்குள்ள வைக்கிறா. பையன் என்ன சொன்னான்னு நான் எழுதவே இல்ல, தாய்கிட்ட சொல்ல முடியாத ஒண்ணுன்னு வாசகருக்கே புரியும். அவ பேச்சு ஒரு எழுத்து கூட மாறல.

அப்புறம் அவ தப்பு பண்ணி நஷ்டப்படுற ஒரு இடமாவது இருக்கட்டும், எப்பவும் அவ சொன்னதே சரின்னா யாருக்குத்தான் பிடிக்கும்.

திருத்துறதுக்கு ஒரு காலம் வச்சுக்கங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், படகு வேலை வலை வேலைன்னு ஓடும், நானும் அப்பத்தான் நாவல பிரிச்சுப் போட்டு உக்காருவேன். மத்த மாசத்துல நோட்டுல குறிச்சு வைக்கிறதோட சரி. அனுப்புற கடிதத்துல "கதாநாயகி கொஞ்சம் கடுமையானவ, பொறுத்துக்கோங்க"ன்னு எழுதாதீங்க, நான் முதல் ரெண்டு தடவ எழுதுனேன், படிக்கிறதுக்கு முன்னாடியே அவள நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிருச்சு. அவ யாரு, அவளுக்கு என்ன வேணும், அத மட்டும் ரெண்டு வரியில சொல்லுங்க போதும்.

ஆறாவது தடவ போன வாரம் அனுப்புனேன். கதவ சாத்துற காட்சி இப்ப மூணாவது அத்தியாயத்துல இல்ல, முதல் பக்கத்துலயே இருக்கு.