யூசரின் டெஸ்க்டாப் கலையாமல் கம்ப்யூட்டரை வேறு டொமைனுக்கு மாற்றுவது எப்படி?

ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கினால், ஐடி பிரிவுக்குச் சீக்கிரமே ஒரு வேலை வந்து சேரும். பழைய ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் (கம்பெனியின் யூசர்களையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) இருக்கும் கம்ப்யூட்டர்களையெல்லாம் புதிய டொமைனுக்கு மாற்ற வேண்டும். டொமைனில் சேர்ப்பது மட்டும் என்றால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிக்கல் மறுநாள் காலையில்தான் தெரியும். அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பவர் லாகின் செய்வார், வெறும் டெஸ்க்டாப் வந்து நிற்கும். ஃபைல்களைக் காணோம், பிரவுசரில் புக்மார்க் இல்லை, அவுட்லுக் முதலிலிருந்து செட்டப் கேட்கிறது.

உண்மையில் எதுவும் அழியவில்லை. எல்லாம் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. ஆனாலும் அந்த யூசருக்கு ஏற்படும் பதற்றம் நிஜமானது. அதைத் தவிர்க்க முடியும் என்பதால்தான் இந்த விளக்கம்.

உதாரணத்துக்கு, மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களில் பயன்படுத்தும் கற்பனைப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். பழைய டொமைன் காண்டோஸோ, புதியது ஃபேப்ரிகாம். கம்ப்யூட்டர்களில் இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11, ப்ரோ எடிஷன். ஹோம் எடிஷனை டொமைனில் சேர்க்கவே முடியாது.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்

நமக்கு யூசர் என்றால் பெயர். விண்டோஸுக்கு யூசர் என்றால் எஸ்ஐடி என்ற ஒரு நீண்ட எண். எஸ்-1-5-21 என்று தொடங்கி, நடுவில் டொமைனுக்கான எண்கள் வந்து, கடைசியில் அந்த யூசருக்கான எண்ணோடு முடியும். காண்டோஸோவில் ‘குமார்’, ஃபேப்ரிகாமிலும் ‘குமார்’ என்றே அக்கவுண்ட் உருவாக்கினாலும் நடுவில் உள்ள டொமைன் எண் வேறு. ஆகவே விண்டோஸின் கணக்கில் இவர்கள் இரண்டு வேறு ஆட்கள்.

ஒரு யூசரின் ஃபைல்களும் செட்டிங்குகளும் அடங்கிய ஃபோல்டரைத்தான் ப்ரொஃபைல் என்கிறோம். எந்த எஸ்ஐடிக்கு எந்த ஃபோல்டர் என்ற பட்டியல், விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ப்ரொஃபைல் லிஸ்ட்’ என்ற இடத்தில் இருக்கிறது. புதிய குமார் முதல்முறை லாகின் செய்யும்போது அந்தப் பட்டியலில் அவருடைய எஸ்ஐடி இருக்காது. உடனே விண்டோஸ் புதிதாக ஒரு ஃபோல்டரை உருவாக்கிவிடும். ‘குமார்’ என்ற பெயர் ஏற்கெனவே இருப்பதால், ‘குமார் டாட் ஃபேப்ரிகாம்’ என்பதுபோல் டொமைன் பெயரையும் ஒட்டிக்கொள்ளும்.

இந்த இடத்தில் பலரும் பழைய ஃபோல்டரிலிருந்து எல்லாவற்றையும் காப்பி செய்து புதியதில் போடுவார்கள். டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் வரைக்கும் அது சரி. ஆனால் யூசரின் செட்டிங்குகள் இருப்பது ‘என்டியூசர்’ என்ற மறைவான ரெஜிஸ்ட்ரி ஃபைலில். அதன் உள்ளேயும் பழைய எஸ்ஐடிக்குத்தான் அனுமதி எழுதியிருக்கும். காப்பி அடித்து அதைச் சரிசெய்ய முடியாது.

சரியான வழி வேறு. வீடு அதே வீடுதான், பட்டாவில் பெயரை மட்டும் மாற்றுகிறோம். அதாவது பழைய ஃபோல்டருக்கும் அதனுள் இருக்கும் ரெஜிஸ்ட்ரி ஃபைல்களுக்கும் புதிய எஸ்ஐடிக்கு முழு அனுமதி கொடுக்க வேண்டும். அப்புறம் ப்ரொஃபைல் லிஸ்ட்டில் புதிய எஸ்ஐடிக்கு நேராக அந்தப் பழைய ஃபோல்டரின் பாதையை எழுத வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: பழைய டொமைனை விட்டு வருவதற்கு முன்

இந்தப் படியில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். ஏனென்றால் இங்கே விட்டதை அப்புறம் பிடிக்க முடியாது.

லோக்கல் அட்மின் அக்கவுண்ட் ஒன்று இயங்குகிறதா, அதன் பாஸ்வேர்ட் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘இருக்கும்’ என்று நம்பாமல், ஒருமுறை லாகின் செய்தே பாருங்கள். விண்டோஸில் கூடவே வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் பொதுவாக முடக்கப்பட்டிருக்கும். டொமைனை விட்டு விலகிய பிறகு டொமைன் அக்கவுண்ட் எதுவும் வேலை செய்யாது. லோக்கல் அட்மின் இல்லையென்றால் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழியே இருக்காது. லோக்கல் அட்மின் பாஸ்வேர்டைத் தானாக மாற்றிச் சேமிக்கும் மைக்ரோசாஃப்டின் லாப்ஸ் அதை நிர்வகித்து வந்தால், அது பழைய ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கும். இப்போதே எடுத்து வையுங்கள்.

அதேபோல் பிட்லாக்கர், அதாவது டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதி. 48 இலக்க ரெக்கவரி கீ பழைய டொமைனில் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தால், அந்த சர்வரை அணைக்கும் நாளில் அதுவும் போய்விடும். தனியாக ஒரு பிரதி எடுங்கள்.

அடுத்தது பாஸ்வேர்டுகள். பிரவுசரில் சேமித்தவை, விண்டோஸே பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் உள்ளவை எல்லாம் விண்டோஸின் டிபிஏபிஐ முறையில் பூட்டப்பட்டவை. அதன் சாவிகள் யூசரின் எஸ்ஐடி பெயரிட்ட ஃபோல்டரில், அவருடைய பாஸ்வேர்டோடு பிணைக்கப்பட்டு இருக்கும். எஸ்ஐடி மாறினால் அந்தப் பூட்டு திறக்காது என்று எண்ணியே வேலை செய்யுங்கள். யூசரை அருகில் உட்கார வைத்து, அவர் கையாலேயே பிரவுசர் பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்யச் சொல்லுங்கள். அந்த ஃபைலில் பாஸ்வேர்டுகள் அப்படியே படிக்கும்படி இருக்கும். இம்போர்ட் செய்ததும் மறக்காமல் அழிக்க வேண்டும். விண்டோஸின் இஎஃப்எஸ் முறையில் தனித்தனியாக என்கிரிப்ட் செய்த ஃபைல்கள் இருந்தால் அதன் சான்றிதழையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அது இல்லாமல் அந்த ஃபைல்கள் திறக்காது.

சர்வரில் உள்ள ஃபைல்களின் பிரதியைக் கம்ப்யூட்டரில் வைக்கும் ஆஃப்லைன் ஃபைல்ஸ் வசதியைப் பயன்படுத்துகிறவர் என்றால் சிங்க் முடிந்ததா என்று பாருங்கள். கடைசியாக, யூசர் ஃபோல்டர் முழுவதையும் வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். எந்த ஃபோல்டர் யாருடையது என்று ஒரு தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: டிஎன்எஸ், கடிகாரம்

டொமைனில் சேராமல் அடம்பிடிக்கும் கம்ப்யூட்டர்களில் நான் முதலில் பார்ப்பது டிஎன்எஸ், அதாவது பெயரை வைத்து சர்வரின் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் சேவை. நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் முகவரி புதிய டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரைக் காட்ட வேண்டும், அல்லது அந்த டொமைனின் பெயரைக் கண்டுபிடிக்கத் தெரிந்த வேறொரு டிஎன்எஸ் சர்வரைக் காட்ட வேண்டும். பொது இணையத்தின் டிஎன்எஸ் இருந்தால் டொமைன் கண்ணுக்கே தெரியாது.

நேரத்தையும் சரிபாருங்கள். டொமைன் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும்.

படி 3: டொமைன் மாற்றம்

லோக்கல் அட்மினாக லாகின் செய்யுங்கள். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் பேக்ஸ்லாஷும் போட்டால், இது இந்தக் கம்ப்யூட்டரின் அக்கவுண்ட் என்று விண்டோஸ் புரிந்துகொள்ளும். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, கம்ப்யூட்டர் நேம் பகுதியில் ‘சேஞ்ச்’ அழுத்துங்கள். முதலில் ஒர்க்குரூப்பை (எந்த டொமைனிலும் சேராத நிலை) தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட். மறுபடி அதே இடத்துக்கு வந்து, டொமைன் என்ற இடத்தில் ஃபேப்ரிகாமின் முழுப்பெயரைக் கொடுங்கள். கம்ப்யூட்டர்களைச் சேர்க்க உரிமை பெற்ற அக்கவுண்டைப் பயன்படுத்துங்கள். சாதாரண யூசர் அக்கவுண்டுக்கு வழக்கமான வரம்பு 10 கம்ப்யூட்டர்கள்தான்.

அதே பெயரில் ஒரு கம்ப்யூட்டர் அக்கவுண்ட் புதிய டொமைனில் ஏற்கெனவே இருந்தால், சேர மறுக்கலாம். 2022 அக்டோபர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் இதைக் கடுமையாக்கியது. வேறொருவர் உருவாக்கி வைத்த அக்கவுண்டை நீங்கள் சும்மா எடுத்துப் பயன்படுத்த முடியாது. அந்தப் பழைய அக்கவுண்ட் யாருக்கும் தேவையில்லை என்று உறுதிசெய்துகொண்டு அதை நீக்குங்கள், அல்லது கம்ப்யூட்டருக்கு வேறு பெயர் வையுங்கள். பெயர் 15 எழுத்துக்குள் இருக்கட்டும்.

சேர்ந்ததும் ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் லோக்கல் அட்மினாகவே உள்ளே வாருங்கள். புதிய குமாரை இன்னும் லாகின் செய்ய விடாதீர்கள்.

படி 4: ப்ரொஃபைலைக் கைமாற்றுவது

மேலே சொன்ன அனுமதி மாற்றங்களைக் கையாலேயே செய்யலாம். ஆனால் புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு அனுமதி விடுபட்டாலும் ஸ்டார்ட் மெனு திறக்காது, செயலிகள் பாதியில் நிற்கும். ஃபோரன்சிட் நிறுவனத்தின் யூசர் ப்ரொஃபைல் விசார்ட் இதற்கென்றே உள்ள கருவி. தனித்தனியாகச் செய்ய இலவசப் பதிப்பே போதும்.

அதைத் திறந்தால் கம்ப்யூட்டரில் உள்ள ப்ரொஃபைல்களைக் காட்டும். பழைய டொமைனோடு தொடர்பு அறுந்துவிட்டதால் யூசர் பெயர் தெரியாமல் போகலாம். அப்போது ஃபோல்டர் பாதையையும் நீங்கள் எழுதி வைத்த தாளையும் பார்த்து அடையாளம் காணுங்கள். பழைய குமாரின் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, புதிய டொமைன் பெயரையும் புதிய லாகின் பெயரையும் கொடுத்து ஓட விடுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

படி 5: யூசரோடு சேர்ந்து சரிபார்ப்பது

ஆபீஸ் நெட்வொர்க்கில் இருக்கும்போதே முதல் லாகினைச் செய்யச் சொல்லுங்கள். டெஸ்க்டாப் அப்படியே வந்ததா? கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ‘ஹூஆம்ஐ’ கட்டளை ஃபேப்ரிகாம் என்று காட்டுகிறதா? அவுட்லுக் பாஸ்வேர்ட் கேட்பது இயல்புதான். பழைய சர்வரைக் காட்டும் நெட்வொர்க் டிரைவ்களையும் பிரிண்டர்களையும் மறுபடி இணைக்க வேண்டும். டி டிரைவில் உள்ள ஃபோல்டர்களின் அனுமதிகளையும் பாருங்கள். அங்கே பெயருக்குப் பதிலாக எண் மட்டும் தெரிந்தால் அது பழைய எஸ்ஐடி, புதிய அக்கவுண்டுக்குத் தனியாக அனுமதி கொடுங்கள். பிட்லாக்கர் கீயைப் புதிய டொமைனில் சேமிப்பதும் இப்போதுதான்.

நூற்றுக்கணக்கில் கம்ப்யூட்டர்கள் இருந்து, இரு டொமைன்களுக்கும் இடையே டிரஸ்ட் (ஒன்றின் அக்கவுண்டை மற்றொன்று ஏற்கும் ஏற்பாடு) அமைக்க முடிந்தால், மைக்ரோசாஃப்டின் ஏடிஎம்டி கருவியைப் பற்றிப் படியுங்கள். பழைய எஸ்ஐடியை ‘எஸ்ஐடி ஹிஸ்டரி’யாக புதிய அக்கவுண்டில் அதனால் சேர்க்க முடியும். அதனால் பழைய சர்வரில் உள்ள ஃபைல்களும் புதிய அக்கவுண்டுக்குத் திறக்கும்.

டெம்பரரி ப்ரொஃபைல் வந்தால்

லாகின் செய்ததும் தற்காலிக ப்ரொஃபைலில் இருப்பதாக விண்டோஸ் சொன்னால், யூசரை எதையும் சேமிக்க விடாமல் உடனே வெளியேறச் சொல்லுங்கள். அங்கே சேமிப்பது லாக் ஆஃப் ஆனதும் அழிந்துவிடும். லோக்கல் அட்மினாக வந்து ரெஜிஸ்ட்ரியில் ப்ரொஃபைல் லிஸ்ட்டைத் திறங்கள். ஒரே எஸ்ஐடி இரண்டு முறை இருக்கலாம், ஒன்றின் முடிவில் ‘டாட் பேக்’ என்று ஒட்டியிருக்கும். பெரும்பாலும் சரியான ஃபோல்டர் பாதை இருப்பது அந்த ‘டாட் பேக்’ பதிவில்தான். அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, மற்றொன்றின் பெயரை மாற்றி ஒதுக்குங்கள். அப்புறம் இதன் முடிவில் உள்ள ‘டாட் பேக்’கை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து லாகின் செய்யச் சொல்லுங்கள்.